இரவில் கால் அடங்காத பதின்வயதினர்: ஹீமோகுளோபின் சரி, ஃபெரிட்டின் பார்த்தீர்களா?

ஜூன் 3, இரவு 8:15 | கேள்வி

மகளுக்கு 15 வயது. படுத்துக் கொஞ்ச நேரத்தில் காலைத் தூக்கித் தூக்கிப் போடுகிறாள். எழுந்து நடக்கிறாள், மறுபடி படுக்கிறாள். "உள்ளே ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு, ஆட்டினாத்தான் நிக்குது" என்கிறாள். ஹீமோகுளோபின் 12.6. ரத்தசோகை இல்லை, வளர்கிற வயசு வலிதான், போனை வாங்கி வைத்துவிட்டு ஒன்பது மணிக்கே படுக்க வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்படியே விட்டுவிடலாமா?

ஜூன் 3, இரவு 9:50 | தூக்கக்கூடம்

விடாதீர்கள். "ஆட்டினாத்தான் நிக்குது" என்ற அந்தச் சொல்லை அப்படியே எழுதி வையுங்கள். பிள்ளைகளில் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் (காலை அசைத்தே ஆகவேண்டும் என்று தோன்றவைக்கும் நோய்) என்று முடிவு செய்ய, பிள்ளை தன் வாயால் சொன்ன விவரிப்பு வேண்டும் என்பது மருத்துவ வரையறையிலேயே இருக்கிறது. அம்மாவோ மருத்துவரோ சொல்லிக்கொடுத்த வார்த்தை கணக்கில் வராது. ஊறுது, குடையுது, நமநமங்குது, உள்ளே கரண்ட் ஓடுது, "காலுக்குக் கோபம் வருது" என்று எதுவாகவும் இருக்கலாம்.

கேட்க வேண்டியவை நான்கு. காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் இருக்கிறதா? சும்மா இருக்கும்போது தொடங்குகிறதா அல்லது கூடுகிறதா? நடந்தால், நீட்டினால், அந்த நேரம் மட்டுமாவது குறைகிறதா? பகலைவிட மாலையிலும் இரவிலும் மோசமா? நான்குக்கும் "ஆம்" வந்து, வேறு காரணமும் இல்லையென்றால் இதுதான். இதற்கென்று ஸ்கேன் கிடையாது, நரம்புப் பரிசோதனையும் தூக்கப் பரிசோதனையும் தேவையில்லை.

அரிய நோயும் அல்ல. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களில் நடத்தி 2007-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 12 முதல் 17 வயதுக்காரர்களில் சுமார் 2 சதவீதத்தினருக்கு இது இருந்தது. உங்களுக்கோ கணவருக்கோ இதே தொல்லை உண்டா என்று யோசித்துப் பாருங்கள். சின்ன வயதில் தொடங்குகிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் இன்னொருவர் இருப்பார். பாட்டிக்கு ராத்திரியெல்லாம் கால் பிடித்துவிட்ட கதை பல வீடுகளில் இதுவாகத்தான் இருக்கும்.

ஜூன் 3, இரவு 10:20 | தூக்கக்கூடம்

வளர்ச்சி வலி பற்றி. அது பெரும்பாலும் 3 முதல் 12 வயதுக்குள் வருவது. இரண்டு காலிலும் வலிக்கும், பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும், ஆனால் எழுந்து நடக்கத் தோன்றாது. குரக்குப் பிடித்தால் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகுவதைக் கையால் தொட்டே உணரலாம். பாதத்தை முகத்தை நோக்கி மடக்கினால் விட்டுவிடும். காலை மடக்கி உட்கார்ந்து மரத்துப்போனது நிலையை மாற்றினால் சரியாகும், திரும்ப வராது. ரெஸ்ட்லெஸ் லெக்ஸில் நடையை நிறுத்திப் படுத்த சில நிமிடத்தில் மறுபடி தொடங்கும். அதுதான் அடையாளம்.

ஒரே காலில் ஒரே இடத்தில் வலி, நொண்டுதல், வீக்கம், காய்ச்சல், எடை குறைதல், கால் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல் என்று எது இருந்தாலும் இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவரிடம் போங்கள். அது வேறு பாதை.

ஜூன் 4, காலை 6:40 | தூக்கக்கூடம்

இப்போது இரும்பு. கேள்வியின் முக்கியமான இடம் இதுதான்.

ஹீமோகுளோபின் ரத்தத்தில் ஓடுகிற இரும்பைக் காட்டும். கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். இரும்பு போதாமல் போகும்போது உடம்பு முதலில் கையிருப்பைக் கரைத்துத்தான் ஹீமோகுளோபினைக் காப்பாற்றும். 12.6 என்ற எண்ணை வைத்துக்கொண்டு கையிருப்பு நிறைந்திருக்கிறதா காலியா என்று சொல்லவே முடியாது. வேகமாக வளர்கிற வயது, மாதவிடாய் தொடங்கிய பிள்ளை என்றால் காலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், மூளையில் அசைவைக் கட்டுப்படுத்தும் ரசாயனமான டோபமைனை உண்டாக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி இரும்பு இல்லாமல் வேலை செய்யாது. இந்த நோயுள்ளவர்களின் மூளையில், குறிப்பாக சப்ஸ்டான்ஷியா நைக்ரா பகுதியில், இரும்பு குறைவாக இருப்பதை எம்ஆர்ஐ ஆய்வுகளிலும் தண்டுவட நீர்ப் பரிசோதனைகளிலும் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் இரும்பு போதுமான அளவு இருந்தும் மூளைக்குள் குறைவாக இருக்கலாம். அதனால்தான் இந்த நோயில் ஃபெரிட்டினுக்கு வைக்கும் கோடு ரத்தசோகைக்கு வைப்பதைவிட உயரமானது.

ஆய்வக அறிக்கையில் ஃபெரிட்டின் 18 என்று வந்தால் பக்கத்தில் குறி எதுவும் இருக்காது, ஏனென்றால் பல ஆய்வகங்களின் கீழெல்லை 10 அல்லது 15. "நார்மல்" என்று மடித்து வைத்துவிடுவார்கள். 2018-ல் வந்த சர்வதேச ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் வழிகாட்டியின்படி பிள்ளைகளுக்கு 50-க்குக் கீழ் இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம். அறிக்கையில் மைக்ரோகிராம்/லிட்டர் என்றிருந்தாலும் நானோகிராம்/மில்லிலிட்டர் என்றிருந்தாலும் எண் ஒன்றுதான்.

ஜூன் 4, காலை 11:05 | மருந்தாளர்

ரத்தம் எடுக்கும் முறையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில், வெறும் வயிற்றில். ஏற்கெனவே இரும்பு மாத்திரையோ இரும்பு கலந்த சத்து மாத்திரையோ போடுகிறவர் என்றால் குறைந்தது 24 மணி நேரம் நிறுத்திய பிறகு. ஃபெரிட்டினோடு சீரம் இரும்பு, டிஐபிசி, ட்ரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (மூன்றும் ரத்தம் சுமக்கும் இரும்பின் அளவுகள்), சிஆர்பி (அழற்சியைக் காட்டுவது) ஆகியவற்றையும் கேளுங்கள். காய்ச்சல், சளி, தொண்டைப்புண் வந்த வாரத்தில் எடுக்கவே வேண்டாம். அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். 20 இருக்க வேண்டியது 70 என்று வரும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். சிஆர்பி ஏறியிருந்தால் அந்த ஃபெரிட்டினை நம்பாமல் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கவும்.

பரிசோதனை செய்யாமல் இரும்பு தொடங்குவது தவறு. தலசீமியா ட்ரெய்ட் (ஹீமோகுளோபின் உருவாவதில் பரம்பரையாக வரும் லேசான குறை) உள்ளவர்களுக்கு ரத்த அணு சிறியதாகவும் ஹீமோகுளோபின் சற்றுக் குறைவாகவும் இருக்கும், ஆனால் இரும்பு போதிய அளவு இருக்கும். அவர்களுக்கு மேலும் மேலும் இரும்பு ஏற்றுவது கெடுதல்.

ஜூன் 4, மாலை 5:30 | கேள்வி

நன்றி. பரிசோதனைக்கு எழுதி வாங்கிவிட்டேன். இதற்கிடையே சளிக்கு ஒரு சிரப் கொடுக்கிறோம், அதைக் குடித்தால் நன்றாகத் தூங்குவாள் என்று பார்த்தால் அன்றுதான் ரொம்ப மோசம்.

ஜூன் 4, மாலை 6:10 | மருந்தாளர்

சிரப்பின் பின்பக்கம் பாருங்கள். டைஃபென்ஹைட்ரமின், குளோர்ஃபெனிரமின், ப்ரோமெதசின் இவற்றில் ஒன்று இருக்கும். தூக்கம் வரவைக்கும் பழைய வகை ஒவ்வாமை மருந்துகள் இவை. மூளைக்குள் நுழைந்து இந்தக் காலைக் கிளறிவிடுகிறவை. கண் செருகும், கால் விடாது. பிள்ளைக்கு அதைவிடக் கொடுமை இல்லை. சளி, ஒவ்வாமை, தூக்கம், பயண வாந்தி என்று வேறு வேறு பெயரில் விற்கும் மருந்துகளில் இதே சரக்கு ஒளிந்திருக்கும். ஃபெக்ஸோஃபெனடின் போல மூளைக்குள் அதிகம் போகாத மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடு, ப்ரோகுளோர்பெரசின் இரண்டும் டோபமைனைத் தடுப்பவை, அதே ஆபத்து. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகளும் மிர்டாசபினும் சிலருக்குக் கூட்டும். ஆனால் இவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வருவது இதைவிடப் பெரிய சிக்கல். மாத்திரை தொடங்கிய தேதியையும் கால் தொல்லை தொடங்கிய தேதியையும் ஒரே தாளில் எழுதி, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஜூன் 5, காலை 7:15 | தூக்கக்கூடம்

ஒன்பது மணிக்குப் படுக்க வைக்கும் யோசனைக்கு வருகிறேன். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது தண்டனை.

பருவமடையும் வயதில், தூக்கத்தை வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரம் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். பதினொன்றுக்கு முன் தூக்கம் வராத பிள்ளை சோம்பேறி அல்ல, உடம்புக் கடிகாரம் அப்படி. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் உச்சத்துக்குப் போவதும் மாலை தொடங்கி நள்ளிரவை ஒட்டித்தான். ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தால், தூக்கமும் வராமல் காலும் அடங்காமல் இரண்டு மணி நேரம் இருட்டில் அசையாமல் கிடக்கச் சொல்கிறோம். அசையாமல் கிடப்பதுதான் இந்த நோயைத் தூண்டுகிறது. நாளடைவில் படுக்கையைப் பார்த்தாலே பிள்ளைக்குப் பயம் வந்துவிடும்.

செய்ய வேண்டியது: எழும் நேரத்தை முதலில் கட்டுங்கள், படுக்கும் நேரத்தை அல்ல. 6:30 என்றால் விடுமுறையிலும் 7:30-க்கு மேல் போக வேண்டாம். எழுந்ததும் அரை மணி நேரம் வெளி வெளிச்சம், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அல்ல. படுக்கைக்குப் போவது இப்போது உண்மையில் தூங்குகிற நேரத்துக்குக் கால் மணி முன்னால் மட்டும். பிறகு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே நகர்த்திப் பத்து மணிவரை கொண்டுவரலாம். படுத்து 20 நிமிடத்தில் தூங்கவில்லையென்றால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் நின்றுகொண்டு செய்யும் வேலை ஏதாவது. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமியின் 2016 பரிந்துரை. அதை எட்டும்வரை நகர்த்துங்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் கால் இன்னும் மோசமாகும், அதனால் மறுபடி தூக்கம் குறையும். இந்தச் சுழலை எந்த முனையில் அறுத்தாலும் பயன் உண்டு.

போனைப் பற்றிச் சொன்னதில் பாதி சரி. இரவு வெளிச்சம் கடிகாரத்தை இன்னும் தள்ளும். ஆனால் மனம் எதிலாவது மூழ்கியிருக்கும்போது கால் தொல்லை தற்காலிகமாகக் குறையும். பல பிள்ளைகள் போனை விடாமல் பிடித்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெறுமனே பிடுங்கினால் எஞ்சுவது கால் மட்டும்தான். அந்த இடத்தில் புதிர்க் கணக்கு, பின்னல், படம் வரைதல் என்று கையும் மூளையும் வேலை செய்யும் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாங்குங்கள்.

ஜூன் 5, இரவு 9:00 | பன்னிரண்டாம் வகுப்பு

எனக்கே இது இருக்கு. படுக்கும்போது மட்டும் இல்ல, சாயங்காலம் உட்கார்ந்து படிக்கும்போதே ஆரம்பிக்குது. காலை ஆட்டாதேன்னு திட்டு விழுது. ஆட்டலாமா கூடாதா?

ஜூன் 5, இரவு 9:25 | தூக்கக்கூடம்

ஆட்டலாம் தம்பி. அடக்கினால் அது ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் உதறலாக வெடிக்கும். மாலைப் படிப்பை நின்றுகொண்டு படிப்பது, உட்கார்ந்து எழுதுவது என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள். உட்காரும்போது பாதத்துக்கடியில் ஒரு சின்ன உருளையைப் போட்டு உருட்டு, சத்தமும் வராது. மனப்பாடத்தை நடந்துகொண்டே செய். கடினமான, அசையாமல் இருந்து செய்ய வேண்டிய பாடத்தைக் காலைக்கு மாற்று. காலை நேரத்தில்தான் இந்தக் கால் அமைதியாக இருக்கும். தூரப் பயணத்தில் நடைபாதை ஓர இருக்கை.

படுக்கப் போகுமுன்: சுவரில் இரண்டு கையையும் ஊன்று, ஒரு காலைப் பின்னால் வை, முழங்கால் மடங்கக்கூடாது, குதிகால் தரையை விட்டு எழும்பக்கூடாது. கெண்டைக்கால் இழுபடுவது தெரியும்வரை முன்னால் சாய்ந்து 30 விநாடி. காலுக்கு மூன்று முறை. பிறகு அதே நிலையில் பின்முழங்காலை லேசாக மடக்கி இன்னொரு 30 விநாடி, அது கெண்டைக்கு அடியிலுள்ள சதையைப் பிடிக்கும். அதன்பின் வெந்நீரில் கால் வைப்பது. சிலருக்குக் குளிர்ந்த நீர்தான் கேட்கும், இரண்டையும் பார். விளையாட்டு வேண்டும், ஆனால் மூச்சு வாங்கும் விளையாட்டு படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் வேண்டாம். அளவுக்கு மீறி ஓடிய அன்று இரவு கால் பழி வாங்கும்.

பரீட்சைக்காகக் குடிக்கும் காபி, எனர்ஜி பானம் இரண்டையும் மதியத்தோடு நிறுத்து. உள்ளே போன கஃபீனில் பாதி கழியவே ஐந்து மணி நேரம்போல ஆகும். புகை, வேப் இருந்தால் அதுவும் சேர்த்து.

வீட்டில் இதையும் காட்டு: நான்கு கேள்விக்கும் நீ எழுதிய பதில். திட்டு நிற்க அதுவே போதும்.

ஜூன் 12, மாலை 4:40 | கேள்வி

அறிக்கை வந்தது. ஃபெரிட்டின் 14, சிஆர்பி சரி. மருத்துவர் இரும்பு எழுதியிருக்கிறார். பெட்டியில் ஒரு எண், சீட்டில் ஒரு எண் இருக்கிறது.

ஜூன் 12, மாலை 6:00 | மருந்தாளர்

பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது ஃபெரஸ் சல்ஃபேட் போன்ற இரும்புச் சேர்மத்தின் மொத்த எடை. கணக்கில் வருவது அதிலுள்ள தனி இரும்பு. ஃபெரஸ் சல்ஃபேட் 325 மி.கி மாத்திரையில் தனி இரும்பு 65 மி.கி. ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு, குளுகோனேட்டில் வெறும் 12 சதவீதம்போல. பிள்ளைகளில் நடந்த ஆய்வுகளில் கிலோவுக்குத் தினமும் 3 மி.கி தனி இரும்பு என்ற அளவு பயன்பட்டது. பதின்வயது எடைக்கு அதை அப்படியே பெருக்கினால் வயிறு தாங்காத அளவுக்குப் போய்விடும் என்பதால் மருத்துவர் உச்சவரம்பு வைத்துத்தான் எழுதுவார். சீட்டில் இருப்பது எந்த எடை என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் குழப்பத்தில்தான் பல பிள்ளைகளுக்குத் தேவையில் கால்பங்கு போகிறது.

வெறும் வயிற்றில், வைட்டமின் சி உள்ள பழச்சாற்றோடு. பால், டீ, காபி, கால்சியம் மாத்திரை, ஆன்டாசிட் எதுவும் முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்கு வேண்டாம். முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிடுகிற பிள்ளை என்றால் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும், இரும்பு அதைப் பிடித்து வீணாக்கிவிடும். தைராக்சினுக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேர இடைவெளி.

மலம் கறுப்பாகும், பயப்பட வேண்டாம். வயிறு வலித்தால், மலச்சிக்கல் வந்தால் நிறுத்திவிடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாமா என்று கேளுங்கள். ஒரு வேளை இரும்பு போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, மறுநாள் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. இரும்புக் குறையுள்ள இளம்பெண்களிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது உறிஞ்சுதல் கூடியது.

வீட்டில் தவழும், நடக்கும் குழந்தை இருந்தால் இந்தப் பெட்டி பூட்டுக்குள் இருக்கட்டும். கிலோவுக்கு 60 மி.கி-க்கு மேல் தனி இரும்பு போனால் உயிருக்கு ஆபத்து. பத்துக் கிலோ குழந்தைக்கு அது பத்து மாத்திரைதான். அதற்குக் குறைவாக விழுங்கினாலும் உடனே மருத்துவமனை.

ஜூன் 12, இரவு 8:30 | தூக்கக்கூடம்

மருந்தாளர் சொன்னதோடு ஒன்று. ஒரு வாரத்தில் கால் அடங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கையிருப்பு ஏறி, அது மூளைக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மூன்று மாதத்தில் மறுபடி ஃபெரிட்டின். 50-ஐத் தாண்டியும் கால் அடங்கவில்லையென்றால் இன்னும் ஏற்றலாமா என்று மருத்துவர் பார்ப்பார். 100-க்கு மேல் போனபின் மாத்திரையால் பெரிதாக ஏறாது. மாத்திரை கேட்கவே இல்லை, அல்லது வயிறு ஏற்கவில்லை என்றால் நரம்பு வழியாகக் கொடுக்கும் இரும்பு இருக்கிறது, அது மருத்துவமனையில் மட்டும்.

14 என்பது ஏன் வந்தது என்ற கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். மாதவிடாயில் எத்தனை நாள், எத்தனை முறை மாற்ற வேண்டியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அதிகப்போக்கை "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கும். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் மூன்று மாதத்தில் ஏறவில்லையென்றால் குடல் உறிஞ்சுவதில் கோளாறு, சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டனால் குடல் பாதிக்கப்படுவது) போன்றவற்றைத் தேட வேண்டும். ஓட்டையை அடைக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்க முடியாது.

ஜூன் 14, காலை 10:15 | இன்னொரு தந்தை

மகன் வயது 13. அவன் எதுவும் சொல்வதில்லை. தூங்கியபின் கால் உதைக்கிறது, குறட்டையும் இருக்கிறது. பகலில் கவனம் இல்லை, ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு) இருக்குமோ என்கிறார்கள். இதுவும் அதேதானா?

ஜூன் 14, பகல் 1:20 | தூக்கக்கூடம்

ஒன்றாக இல்லாமல் இருக்கலாம் ஐயா. ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் விழித்திருக்கும்போது உணர்வது. தூங்கும்போது வருவது பீரியாடிக் லிம்ப் மூவ்மென்ட், அதாவது கால் விட்டுவிட்டுத் தானாக அசைவது. இரண்டும் ஒரே ஆளிடம் அடிக்கடி சேர்ந்து வரும்.

போர்வையை விலக்கிவிட்டுப் பாருங்கள். முதலில் பெருவிரல் மேல்நோக்கி நிமிரும், பிறகு கணுக்கால் மடங்கும், சில சமயம் முழங்காலும் இடுப்பும் சேர்ந்து மடங்கும். அரை விநாடியிலிருந்து பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். ஐந்து முதல் தொண்ணூறு விநாடி இடைவெளியில் மறுபடி, மறுபடி. அந்தச் சீரான தாளம்தான் சாதாரணப் புரளலிலிருந்து இதைப் பிரிக்கிறது. போனில் காணொளி எடுத்து வையுங்கள். தூக்கப் பரிசோதனையில் இரு கால்களின் முன்பக்கத் தசையிலும் மின்வாய் ஒட்டி எண்ணுவார்கள். பிள்ளைகளில் மணிக்கு 5-க்கு மேல் என்றால் கவனிக்க வேண்டும், பெரியவர்களுக்கு அந்தக் கோடு 15.

உங்கள் மகனுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது குறட்டையை. மூச்சு அடைபட்டு விழிக்கும்போதும் கால் உதறும். டான்சில், அடினாய்டு, மூக்கடைப்பு பார்த்தாக வேண்டும். ரெஸ்ட்லெஸ் லெக்ஸுக்குத் தூக்கப் பரிசோதனை தேவையில்லை என்பது குறட்டை இல்லாத பிள்ளைக்குத்தான் பொருந்தும். உங்கள் மகனுக்கு அது வேண்டும். ஃபெரிட்டினும் எடுங்கள்.

ஏடிஎச்டி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தூக்கம் கெட்ட பிள்ளை பெரியவரைப்போலத் தூங்கி வழியாது. துறுதுறுப்பாகும், எரிந்து விழும், கவனம் சிதறும். இரண்டும் சேர்ந்தும் வரும். தூக்கத்தைச் சரிசெய்த பிறகு மீதி என்ன இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்வது நியாயம்.

ஜூன் 14, இரவு 7:45 | பன்னிரண்டாம் வகுப்பு

ப்ராமிபெக்ஸால்னு ஒரு மாத்திரை ஒரே நாளில் கேக்கும்னு படிச்சேன். மெக்னீசியமும் சொல்றாங்க. அதை வாங்கிப் போட்டா?

ஜூன் 14, இரவு 8:50 | தூக்கக்கூடம்

வேண்டாம். ப்ராமிபெக்ஸால், ரோபினிரோல் இரண்டும் டோபமைன் போலவே வேலை செய்பவை. முதலில் அற்புதமாகக் கேட்கும், அதுதான் பொறி. மாதங்கள், வருடங்கள் போகப் போகத் தொல்லை இரவிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து பகலுக்கும் முன்னேறும், காலிலிருந்து கைக்கும் பரவும். ஆக்மென்டேஷன் என்பார்கள். அளவைக் கூட்டினால் இன்னும் மோசம். சூதாட்டம், வாங்கிக் குவித்தல் போன்ற கட்டுப்படாத உந்துதல்களும் வரலாம். அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கே இவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. அவர்களுக்கு முதலில் வைப்பது இரும்பு, நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் கபாபென்டின், ப்ரீகபாலின். பிள்ளைகளுக்கு அந்த வழிகாட்டி சொல்வது ஃபெரிட்டினுக்கு ஏற்ற இரும்பு. அதற்குப் பிறகும் தாங்க முடியாமல் இருக்கும் பிள்ளைக்குச் சில நிபுணர்கள் கபாபென்டின் எழுதுவார்கள். மறுநாள் தூக்கக் கலக்கம், தலைசுற்றல், மனநிலை மாற்றம் பார்த்துக் குறைந்த அளவில் தொடங்குவார்கள்.

மெக்னீசியத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை. வயிற்றுப்போக்கு வரும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் ஆபத்து. அதற்குச் செலவழிக்கும் முன் ஃபெரிட்டின் எடுத்துவிடு. எடுக்கும்போது சளி, காய்ச்சல் இல்லாத வாரமாகப் பார்த்துக்கொள்.